கர்த்தர் எடுத்தார், அதற்குப் பிறகு? விசுவாசிகளுக்குக் கடவுள்மேல் ஏன் கோபம் வருகிறது

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அச்சடிக்கும் இரங்கல் அட்டைகளில் அடிக்கடி பார்க்கிற வசனம் இது: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." பிள்ளைகள் பத்துப் பேரையும் சொத்து முழுவதையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபு சொன்னது. அடக்க ஆராதனையில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைப்பது கடினம்தான். ஆனால் இது யோபு புத்தகத்தின் முதல் அதிகாரம். அதற்குப் பிறகு இன்னும் 41 அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாவது அதிகாரத்தில் இதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். ஏழாவதில், எச்சிலை விழுங்கக்கூட விடாமல் என்னையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர் என்று கேட்கிறார். ஒன்பதாவதில், உத்தமனையும் துன்மார்க்கனையும் அவர் ஒன்றுபோலத்தான் அழிக்கிறார் என்று நேராகவே குற்றம் சாட்டுகிறார். பத்தொன்பதாவதில், தேவன்தான் என்னைக் கவிழ்த்து வலையில் சிக்கவைத்தார் என்கிறார். இவையெல்லாம் அட்டைக்கு வருவதில்லை. வரவேண்டும் என்றும் சொல்லவில்லை, துக்க வீட்டுக்கு அது தோதுப்படாது. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, ஆறு மாதம் கழித்து, அந்த வீட்டில் இருப்பவர் எந்த அதிகாரத்தில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. சபைக்குப் போவார், பாட்டு எடுக்கும்போது வாய் அசையும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

கடவுள்மேல் கோபம் என்றால் நம்பிக்கை குறைந்துபோன அறிகுறி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் விஷயம் தலைகீழ். கல்லில் இடித்துக்கொண்டால் வலிக்கும், ஒரு நிமிடம் கல்லைத் திட்டுவோம், அதோடு சரி. யாரோ ஒருவரால் தடுத்திருக்க முடியும், தடுக்கவும் வேண்டும், ஆனால் தடுக்கவில்லை என்று தெரிந்தால்தான் கோபம் வந்து தங்கும். கடவுளால் முடியும், கடவுளுக்கு என்மேல் அன்பு இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்து நம்புகிறவருக்குத்தான் இந்தக் கோபம் முழு உருவத்தில் வருகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது துக்கமோ பயமோ, அவ்வளவுதான்.

யோவான் பதினோராம் அதிகாரத்தில் இதை அப்படியே பார்க்கலாம். லாசரு சாகக் கிடக்கிறான். சகோதரிகள் ஆள் அனுப்புகிறார்கள். இயேசு செய்தி கேட்ட பிறகும் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். அவர் வந்து சேரும்போது லாசரு கல்லறைக்குப் போய் நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொன்னது: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." சற்று நேரம் கழித்து மரியாள் வந்து காலில் விழுகிறாள், அவளும் இதே வாக்கியத்தைச் சொல்கிறாள். அக்காவும் தங்கையும் நான்கு நாளாக வீட்டுக்குள் இதையே பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்த வாக்கியத்தில் முழு விசுவாசம் இருக்கிறது, முழுக் குற்றச்சாட்டும் இருக்கிறது. இயேசு அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அழுதார் என்றுதான் எழுதியிருக்கிறது.

இந்தக் கோபத்தை உளவியல் ஆய்வாகவே எடுத்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி எக்ஸ்லைன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. நெருங்கியவரை இழந்தவர்கள், புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் என்று பலவகைப்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நடந்த தீங்குக்குக் கடவுளே காரணம் என்று நினைப்பவர்களிடம், அவர் வேண்டுமென்றே கொடுமை செய்தார் என்று எண்ணுபவர்களிடம், நடந்ததில் எந்த அர்த்தத்தையும் காண முடியாதவர்களிடம் கோபம் அதிகம். வயதானவர்களைவிட இளையவர்களிடம் அதிகம். இன்னொன்றும் தெரியவந்தது. கடவுளை நம்பாதவர்கள் சிலருக்கும் இந்தக் கோபம் இருக்கிறது, பழைய அனுபவத்தை நினைத்தோ, 'அப்படி ஒருவர் இருந்தால்' என்று கற்பனை செய்தோ. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தன் இளமைக்கால நாத்திகத்தைப் பற்றிச் சொல்லும்போது, கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டே, இல்லாமல் போனதற்காக அவர்மேல் கோபமாகவும் இருந்தேன் என்று எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா 1908-ல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பிழைக்க வேண்டும் என்று பையன் ஜெபித்திருந்தான்.

இழப்பு ஒரு காரணம் என்றால், ஒப்பந்தம் இன்னொன்று. நம் சபைகளைப் பொறுத்தவரை இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

யாரும் வாய்விட்டு 'ஒப்பந்தம்' என்று சொல்வதில்லை. ஆனால் மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். உபவாசம் இருந்தோம், தசமபாகம் கொடுத்தோம், பொருத்தனை செய்தோம், ஊழியத்துக்கு உதவினோம், பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்குத் தவறாமல் அனுப்பினோம். பதிலுக்கு வீட்டில் பெரிதாக எதுவும் நடக்காமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்ட குமாரன் உவமையில் மூத்தவன் பேசுவது இந்தக் கணக்கைத்தான். இத்தனை வருஷமாய் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, என் சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுத்தீரா என்று அப்பாவிடம் கேட்கிறான். தம்பி திரும்பி வந்தது அவனுக்கு இரண்டாவது பிரச்சினை. தன் சம்பளப் பாக்கிதான் முதல் பிரச்சினை. அவன் வீட்டை விட்டு ஓடிப்போகாதவன், ஒழுங்கானவன், நம் சபைகளில் கமிட்டியில் இருக்கக்கூடியவன். அவன்தான் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறான்.

இந்தக் கணக்கை நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கையில் வாங்குகிற வாக்குத்தத்த அட்டைக்கு இதில் பங்கு உண்டு. எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும், அவருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். அதற்கு முந்தைய வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இது, அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே செத்துப்போவார்கள் என்று அர்த்தம். பத்தாம் வசனத்தை மறைத்துவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால், அந்த வருஷம் ஆகஸ்டில் அந்த வீட்டில் ஒரு சாவு விழும்போது அவர்கள் கடவுளைப் பொய்யர் என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன? கடவுள் கொடுக்காத ஒரு வாக்கைக் கொடுத்ததாகச் சொன்னது நாம்.

சாட்சி நேரமும் அப்படித்தான். கட்டி கரைந்தவர், விசா கிடைத்தவர், பத்து வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றவர் எல்லாரும் மைக்கைப் பிடிக்கிறார்கள். ஜெபித்தும் கரையாதவருக்கு அந்த மைக் வருவதில்லை. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி மருத்துவமனையில் வந்ததைவிட அங்கே கூர்மையாக வரும். சில இடங்களில் சுகம் கிடைக்காததற்குக் காரணமும் சொல்லிவிடுகிறார்கள், விசுவாசம் போதவில்லை என்று. நோயாளிமேல் பழியையும் ஏற்றிவிட்டு, அவர் கோபப்படவும் கூடாது என்றால் எப்படி?

சங்கீதம் 73-ஐ எழுதிய ஆசாப் கடைசி பெஞ்சுக்காரர். துன்மார்க்கர் கொழுத்துச் சுகமாக இருக்கிறார்கள், நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன் என்கிறார். இவருடைய கோபம் சொந்த இழப்பால் மட்டும் வந்ததில்லை, உலகம் நடக்கிற விதத்தைப் பார்த்து வந்தது. யோனாவின் கோபம் இதற்கு நேரெதிர், அதனாலேயே எனக்கு அது அலுப்பதில்லை. நினிவே அவன் ஜனத்தை நசுக்கிய அசீரியப் பேரரசின் நகரம். அது அழியும் என்று பிரசங்கித்தான், ஊர் மனந்திரும்பியது, கடவுள் மன்னித்துவிட்டார். யோனாவுக்கு அது தாங்கவில்லை. நீர் இரக்கமுள்ளவர், இப்படிச் செய்வீர் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்று சண்டைக்கு நிற்கிறான். ஆமணக்குச் செடி வாடிப்போனதும், "நான் மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான்" என்கிறான். கடவுள் கொடியவர் என்பதற்காக வரும் கோபத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நமக்குத் தீமை செய்தவனுக்கும் அவர் நல்லவராக இருக்கிறாரே என்று வரும் கோபமும் உண்டு, வெளியே சொல்ல வெட்கமாக இருப்பதால் அதை வேறு பெயர்களில் சொல்லிக்கொள்கிறோம். யோனா புத்தகம் கடவுளின் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. லட்சத்து இருபதினாயிரம் பேரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா? யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

பேரழிவு என்று வரும்போது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு தேதிகள் போதும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள், பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணிக்குத் திருநாள் கொண்டாட வந்திருந்த யாத்ரீகர்கள் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கன்னியாகுமரியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கத்தோலிக்க மீனவ ஊர்கள் சிதைந்தன. வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதை அன்னையின் அற்புதம் என்று பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். உள்ளே இருந்தவருக்கு அது சாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பூசை முடிந்து பிள்ளையோடு கடலைப் பார்க்கப் போன அம்மாவின் காதில் அது எப்படி விழும்? கோயில் சுவரைக் காப்பாற்றியவர் நூறு அடி தள்ளி நின்ற என் பிள்ளையை ஏன் காப்பாற்றவில்லை என்றுதானே கேட்பாள்.

அந்த நாட்களில் இது பாவத்துக்குத் தண்டனை என்று பேசியவர்களும் உண்டு. இயேசுவிடமே இப்படி ஒரு சம்பவத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13. அதை வாசித்த பிறகும் தண்டனைப் பிரசங்கம் செய்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

இரண்டாவது தேதி 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை, கூடவே கொழும்பின் பெரிய ஹோட்டல்கள், எல்லா இடத்திலும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல். 250-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சீயோன் சபையில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள், ஞாயிறு பாடசாலை முடிந்து வளவில் நின்றிருந்த பிள்ளைகள். ஆலயத்துக்கு வந்ததால் செத்தார்கள், அதுவும் உயிர்ப்பைக் கொண்டாட வந்து. விசுவாசி ஒருவருக்கு இதைவிடக் கடினமான கேள்வியை வேறு எதுவும் வைக்க முடியாது.

ஆனால் இந்தக் கோபத்தை மொத்தமாகக் கடவுள் கணக்கில் எழுதிவிடுவது இன்னொரு தவறு. ஈஸ்டர் தாக்குதலுக்கு முன்பே உளவு எச்சரிக்கைகள் வந்திருந்தன, மேலிடத்தில் யாரும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. 2023 ஜனவரியில் இலங்கையின் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டுக்கணக்காக விசாரணை கேட்டுக்கொண்டே இருந்தார். சுனாமியிலும் இப்படி ஒரு பகுதி உண்டு. சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பசிபிக் பெருங்கடலுக்கு 1949-லிருந்தே எச்சரிக்கை மையம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஹைதராபாத்தில் அப்படி ஒன்று இயங்கத் தொடங்கியது 2007-ல்தான். நீதிமொழிகள் 19:3 இதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே சொல்லும்: "மனுஷனுடைய மதியீனம் அவன் வழியைத் தாறுமாறாக்கும், என்றாலும் அவன் மனம் கர்த்தருக்கு விரோதமாய்த் தாங்கலடையும்." தப்புச் செய்தவன் பெயரைச் சொல்ல முடியாத இடங்களில் 'ஆண்டவர் சித்தம்' என்ற சொல் ரொம்பவே வசதி. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், அறுவை சிகிச்சையில் அசட்டையாக இருந்தவர், அடித்த கணவன் எல்லாரும் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்குக் கடவுளைத் தவிரக் கோபப்பட ஆளே மிஞ்சாது. பாதிரியாரோ போதகரோ செய்த அநியாயம் என்றால் இன்னும் மோசம். செய்தவரே கடவுளின் பிரதிநிதியாக நின்று பேசியவர் என்பதால், இருவரையும் பிரித்துப் பார்க்கப் பல வருஷம் ஆகும். அப்படிப்பட்டவரிடம் போய், மனுஷனைப் பார்க்காதே, கர்த்தரைப் பார் என்று அறிவுரை சொல்வதை நிறுத்திவிடலாம்.

சரி, மனிதன் செய்ததை மனிதன் கணக்கில் எழுதிய பிறகும் பாக்கி இருக்கத்தான் செய்கிறது. புற்றுநோய்க்கு யார்மேல் வழக்குப் போடுவது?

லூயிஸுக்குத் திரும்பலாம். 1940-ல் அவர் துன்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல கடவுள் ஏன் வலியை அனுமதிக்கிறார் என்று தர்க்கத்தோடு விளக்கும் புத்தகம், நன்றாக விற்றது. இருபது வருஷம் கழித்து, 1960 ஜூலையில், மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். நடுவயதைக் கடந்து செய்த கல்யாணம், நான்கு வருஷத்துக்குச் சற்று மேல்தான் நீடித்தது. அந்தத் துக்கத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதியதை 1961-ல் என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். அவர் பெயரோடு அது வந்தது அவர் இறந்த பிறகுதான். சந்தோஷமாக இருந்தபோது திறந்திருந்த கதவு, மிகவும் தேவைப்பட்டபோது முகத்தில் அறைந்து சாத்தப்பட்டு உள்ளே தாழ் போடும் சத்தமும் கேட்கிறது என்று அதில் எழுதுகிறார். கடவுளை நம்பாமல் போய்விடுவேனோ என்ற பயம் அவருக்கு இல்லை, கடவுள் இப்படிப்பட்டவர்தான் என்று நம்பிவிடுவேனோ என்பதே பயம். முந்தைய புத்தகத்தின் வாதங்கள் தப்பென்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்த ராத்திரிகளில் அவை உதவவில்லை, அவ்வளவுதான். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தேவனை நேசிக்கிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28 உண்மையாகவே இருந்தாலும், எல்லா உண்மையையும் எல்லா நேரத்திலும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகைக் கோபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயத்தில் விளையும் கோபம். மார்ட்டின் லூத்தர் 1545-ல், சாவதற்கு முந்தைய ஆண்டு, தன் லத்தீன் நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் துறவியாக இருந்த காலத்தை நினைவுகூர்கிறார். பாவிகளைத் தண்டிக்கும் நீதியுள்ள கடவுளை நான் நேசிக்கவில்லை, வெறுத்தேன், உள்ளுக்குள் முறுமுறுத்து அவர்மேல் கோபமாக இருந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். எவ்வளவு செய்தாலும் போதாது என்று சொல்லும் கடவுளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்? தப்புச் செய்தால் ஆண்டவர் கண்ணைக் குத்துவார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம் ஊரிலும் நிறைய.

கடவுள்மேல் கோபப்படலாமா, பாவமா? கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க போதகர் ஜான் பைப்பர் போன்றவர்கள், கடவுள் எந்தத் தவறும் செய்யாதவர் என்பதால் அவர்மேல் கோபம் ஒருபோதும் சரியாகாது என்கிறார்கள். உள்ளே கோபம் இருந்தால் அதை மறைத்து நடிக்காமல் அவரிடமே அறிக்கை செய்ய வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆலோசனை ஊழியத்தில் இருக்கும் பலர், கடவுள் பெரியவர், உன் கோபத்தைத் தாங்குவார், கொட்டித் தீர்த்துவிடு என்பார்கள். முதல் தரப்பின் தர்க்கம் சரி, ஆனால் அதைக் கேட்டவர் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். இரண்டாம் தரப்பிடம் கனிவு இருக்கிறது, ஆனால் யோபு புத்தகத்தின் கடைசிப் பகுதி அவர்களுக்குக் கொஞ்சம் இடைஞ்சல். என்மேல் குற்றஞ்சுமத்துவாயோ என்று கடவுள் யோபுவை நேருக்கு நேர் கேட்கிறார், யோபு வாயைப் பொத்திக்கொள்கிறார்.

எண்ணாகமம் பதினோராம் அதிகாரம்தான் எனக்கு இதில் தெளிவு கொடுத்தது. தொடக்கத்தில் ஜனங்கள் முறையிடுகிறார்கள், பாளயத்தின் ஒரு ஓரத்தில் அக்கினி பற்றி எரிகிறது. அப்புறம் கூடாரவாசல்களில் நின்றுகொண்டு இறைச்சி கேட்டு அழுகிறார்கள், வெள்ளரிக்காயும் வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் கிடைத்த எகிப்தை நினைத்து. அதே அதிகாரத்தில் மோசே கடவுளிடம் பேசுவதைப் பாருங்கள். ஏன் எனக்கு உபத்திரவம் கொடுத்தீர், இந்த ஜனத்தையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், இப்படித்தான் செய்வீர் என்றால் என்னை இப்போதே கொன்றுபோடும். ஜனங்கள் பேசியதைவிட இதில் சூடு குறைவா? ஆனால் மோசேக்குக் கிடைத்தது அக்கினி இல்லை, பாரத்தைப் பங்குபோட எழுபது மூப்பர்கள். ஜனங்கள் கடவுளைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள், மோசே கடவுளிடம் பேசினார். எனக்குத் தெரிந்த வேறுபாடு அதுதான்.

யோபு புத்தகத்திலும் இதே கதைதான். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் கடவுளைப் பற்றி மிகச் சரியாகப் பேசுகிறார்கள், அவர்கள் வாக்கியங்களில் பலவற்றை எடுத்து இன்றைக்கு அப்படியே பிரசங்கம் செய்யலாம். ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூட யோபுக்காக ஒரு ஜெபம் செய்யவில்லை. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு சலித்துக்கொள்கிறார். கடைசியில் கடவுள் எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார். வாயைப் பொத்தவைத்த அதே யோபுவைத்தான் நிதானமாகப் பேசினான் என்கிறார். மூன்று பேருக்காகவும் யோபுவே ஜெபிக்க வேண்டியதாகிறது. ஏன் இத்தனையும் நடந்தது என்ற விளக்கம் மட்டும் யோபுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசகர்களாகிய நமக்குத் தெரியும், யோபுக்குத் தெரியாது.

சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று கேட்கிறது 44-ஆம் சங்கீதம். 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, 'ஆனாலும் உம்மைத் துதிப்பேன்' என்ற வழக்கமான திருப்பம் அதில் வரவே வராது. கால்வின் 1557-ல் தன் சங்கீத விளக்கவுரையின் முன்னுரையில் இந்தப் புத்தகத்தை ஆத்துமாவின் எல்லா உறுப்புகளுக்குமான உடற்கூறு என்றார். அந்த உறுப்புகளில் பித்தப்பையும் ஒன்று என்பதை நம் ஆராதனைகள் மறந்துவிட்டன. 23, 91, 121 இவற்றையே சுற்றிச் சுற்றி வருகிறோம். இத்தனைக்கும் சாமியைத் திட்டுவது தமிழுக்குப் புதிதும் இல்லை. கண்பார்வையை இழந்த சுந்தரர் திருவாரூரில் சிவனைப் பார்த்து, உமக்கே ஆளாய் இருக்கிறவர்கள் துன்பத்தைச் சொன்னால் சும்மா இருப்பீர், நீர் வாழ்ந்து போதீரே என்று பாடினாரே. நிந்தாஸ்துதி என்று அதற்கு ஒரு வகையே வைத்திருக்கிற மொழியில், வேதத்திலேயே இருக்கிற புலம்பலை வாசிக்க நாம் கூச்சப்படுகிறோம்.

எக்ஸ்லைனும் வேறு இருவரும் 2012-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, கடவுளிடம் எதிர்ப்புத் தெரிவிப்பது தார்மீக ரீதியில் சரியா என்று கேட்டது. கோபம் என்ற உணர்ச்சி, உறவை முறித்துக்கொண்டு போவது, உறவுக்குள் இருந்துகொண்டே கேள்வி கேட்பது என்று மூன்றையும் மக்கள் தனித்தனியாகவே எடைபோடுகிறார்கள். போதகர்களுக்கு இது கைகொடுக்கக்கூடியது. கேள்வி கேட்க இடம் இல்லாத வீட்டிலிருந்து பிள்ளைகள் போய்விடுவார்கள், சண்டை போட்டுவிட்டுக்கூடப் போக மாட்டார்கள், ஒரு ஞாயிறு வராமல் இருப்பார்கள், அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மனுக்கு 1943 ஜூலையில் வயது 17. ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது விமான எதிர்ப்புப் பீரங்கிப் பணியில் இருந்தார். பக்கத்தில் நின்ற நண்பன் செத்துப்போனான், இவர் தப்பினார். மதப் பற்றில்லாத குடும்பத்தில் வளர்ந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்குத்தான் கடவுளைக் கூப்பிட்டார், என் தேவனே எங்கே இருக்கிறீர் என்று. பின்னர் போர்க்கைதியாக இருந்தபோது ராணுவக் குருவானவர் ஒருவர் கொடுத்த வேதாகமத்தில் 39-ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது: நான் மவுனமாகி ஊமையனாயிருந்தேன், ஆனாலும் என் துக்கம் அதிகரித்தது. அதன்பின் மாற்கு சுவிசேஷத்தில் சிலுவைக் காட்சிக்கு வந்தார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்துகிற இயேசுவை வாசித்தபோது, என்னைப் புரிந்துகொண்ட ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். 1972-ல் அவர் எழுதிய பெரிய நூல் அந்தக் கூப்பாட்டைச் சுற்றி எழுந்தது. கிறிஸ்தவம் இந்தக் கோபத்துக்குச் சொல்லும் பதில் என்று ஒன்று இருக்குமானால் இதற்கு அருகில்தான் இருக்க வேண்டும். கடவுளை நோக்கிய மிகக் கடுமையான கேள்வியைக் கேட்டவர் தேவகுமாரன், அதுவும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்து. வானத்திலிருந்து அப்போது பதில் வந்ததாக எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை.

நம் சபைகளில் பெரிய வெள்ளி அன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மூன்று மணி நேர ஆராதனை உண்டு. நாலாவது வார்த்தை இதுதான். பல வருஷமாகக் கவனித்திருக்கிறேன், நாலாவதைப் பிரசங்கிக்க வருபவர் எழுந்ததும் அவசரப்படுகிறார். உண்மையில் பிதா அவரைக் கைவிடவில்லை, நம் பாவத்தினால்தான், மூன்றாம் நாள் உயிர்த்துவிட்டாரே என்று பத்தே நிமிடத்தில் சமாளித்து உட்கார்ந்துவிடுகிறார். இறையியலாக அவர் சொல்வதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களில், அந்த வருஷம் மகனை அடக்கம் செய்தவர் ஒருவர் எப்படியும் இருப்பார். அவருக்காகவாவது, விளக்கத்துக்குப் போகும் முன் 22-ஆம் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து இருபத்தோராம் வசனம் வரை நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் நன்றாக இருக்கும்.